பலகைச் சத்தம்

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடை லீக்கில் இன்று முதல் ஆட்டம். இவருடைய கதிரொளி அணி தோற்றது, மூன்று கோல் வாங்கி, ஒன்றும் போடாமல்.

இருபது வருடமாக இந்தச் செய்தி இவர் வாயிலிருந்துதான் எனக்கு வரும். மைதானத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வார். நான் அடுப்படியில் இருந்தபடி "அப்படியா" என்பேன். கோவில்பட்டியில் பிறந்து, அதே ஊரில் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டு, ஒரு ஹாக்கி ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்காதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த வருடம் இவரால் தனியாகப் போக முடியாது. பிப்ரவரியில் சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் "நெழலு நெழலாத் தெரியுது" என்கிறார். அதையாவது காப்பாற்ற முடியுமா என்று பதினைந்தாம் தேதி மதுரையில் சொல்வார்கள்.

ஆகவே நானும் போனேன். மேற்குப் பக்கம் வேப்பமரத்தடியில் சிமெண்டுப் படிகள். இவருக்கு அங்கே நிரந்தரமான இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் இரும்புக்கடை பவுல்ராஜ் அண்ணாச்சி. மட்டை பிடிக்கத் தெரிந்த, தெரியாத எல்லாரையும் திட்டுவது அவர் வேலை.

விசில் ஊதியதும் இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன நடக்குன்னு சொல்லு."

"அந்தா, அங்க கொண்டு போறான்."

"அங்கன்னா எங்க, வல்லி?"

"அந்தா... அந்த மூலைல."

"மைதானத்துக்கு நாலு மூலை. நீ கையை நீட்டிக்கிட்டு இருக்கே. எனக்கு உன் வளையல் சத்தம்தான் கேக்கு."

இவர் தாலுகா ஆபீசில் சர்வேயர். கண் கெட்டதிலிருந்து விடுப்பில் இருக்கிறார். ஒரு இடத்தை 'அங்க' என்று சொன்னால் ஆபீசிலும் இவருக்குக் கோபம் வருமாம். "பள்ளிக்கூடம் வடக்க. ரயில் ரோடு தெக்க. நாம மேக்க உக்காந்து கெழக்க பாக்கோம். இனிமே திசையைச் சொல்லு."

எனக்கு அந்தா, இந்தா, அங்க, இங்க ஆகியவற்றை எடுத்துவிட்டால் பேச்சே இல்லை. இன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது கோல் விழுந்தபோது பவுல்ராஜ் அண்ணாச்சி எழுந்து நின்று கத்தினார்: "லே, கோலு வடக்க இருக்கு! நீ எதுக்குடே தெக்க ஓடுத, ரயிலுக்கு டிக்கெட் எடுக்கவா?"

இவர் சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு இவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிட்டது. காலையில் இவருக்கு இட்லியும் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டு ஓடுகிறேன். குழாயில் தண்ணீர் இன்றும் வரவில்லை.

குளியலறை பல்பு ஃப்யூஸ் போயிருக்கிறது. என்றைக்குப் போனதென்று தெரியவில்லை. நான் விடியற்காலையில் ஜன்னல் வெளிச்சத்திலேயே குளித்துவிடுகிறேன். இவர் ராத்திரி போகும்போது சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் போகிறார். வெளியே வந்ததும் மறக்காமல் அணைக்கிறார். நேற்றும் அப்படித்தான். இன்றும்.

இவர் தூங்கிய பிறகு புது பல்பு மாட்டினேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்றுக்கு இரண்டு. தோல்விதான், ஆனால் ஒரு கோல் போட்டோம். 'போட்டோம்' என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை.

கொஞ்சம் கற்றுக்கொண்டேன். "வடக்க போறான், நடுவுல, ரெண்டு பேர் குறுக்க வாராங்க, கெழக்க தள்ளிட்டான்" என்று மூச்சு வாங்கச் சொல்கிறேன். முன்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பவுல்ராஜ் அண்ணாச்சி, "டீச்சர், சத்தமா சொல்லுங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா இவனுவ என்ன ஆடுதானுவன்னு புரிய மாட்டேங்கு" என்றார். அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

கோல் போட்டவன் இசக்கிராஜா. இவரிடம் அளவுச் சங்கிலி பிடித்த மாடசாமியின் மகன். மாடசாமி இறந்தபோது அவன் ஏழாவது படித்தான். முதல் மட்டை இவர் வாங்கிக் கொடுத்தது.

இசக்கி அடித்ததும் 'டம்' என்று பெரிய சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கையைத் தட்டிவிட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கோலுக்குள்ள, பின்னால, அடியில பலகை அடிச்சிருப்பாங்கள்ல. பால் அதுல படுத சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் வல்லி இத்தன வருஷமா வெயில்ல வந்து உக்காருதேன்."

அதன் பிறகு அவர்கள் இரண்டு போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மதுரை. விடியற்காலை பஸ்.

கண்ணில் மருந்து விட்டு இவரை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. படத்தைக் காட்டிச் சொன்னார்: "விழித்திரை முழுக்கப் பிரிஞ்சு சுருங்கிப் போயிருக்கு. ஆபரேஷன் பண்ணாம விட்டா உறுதியாப் போயிரும். பண்ணினாலும் பார்வை வரும்னு நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் தெரிஞ்சா அதுவே பெருசு."

"நடமாடுற அளவுக்காவது?"

"எதிர்பார்க்காதீங்க."

வெளியே வந்ததும் இவர் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு சொன்னாங்க."

"படிக்க முடியுமாமா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டா படிக்கலாமாம்."

கண்ணாடியைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சாத்தூர் வரும்வரை இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார், வெளியே பார்ப்பவர் மாதிரி.

வரும் வியாழனுக்கு அடுத்த வியாழன் ஆபரேஷன், இருபத்து நான்காம் தேதி.

ஏப்ரல் 18, வெள்ளி

விடுமுறை. வத்தல் போட்டேன். இவர் குடையை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் காக்காய் விரட்டுகிறேன் என்று உட்கார்ந்திருந்தார். ஒரு காக்காய் தட்டிலேயே நின்று தின்றுகொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் அதை விரட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மறுபடி தோல்வி. ஒரே ஒரு கோல்.

கடைசி ஐந்து நிமிடம் இருக்கும். எதிராளிகள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். பந்து இசக்கியிடம் தனியாக வந்தது. எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. சொல்லிக்கொண்டே இருந்தேன்: "வடக்க போறான். யாருமே இல்ல. கீப்பர் மட்டுந்தான், முன்னால ஓடி வாரான். இசக்கி அவனத் தாண்டிட்டான்!"

கோல் காலியாக இருந்தது. ஒரு குழந்தை தட்டினாலும் உள்ளே போயிருக்கும். இசக்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே இரண்டு முழம் தள்ளிப் போய் வேலியில் நின்றது.

படி முழுக்க ஒரே பெருமூச்சு. இவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "என்னாச்சு? என்னாச்சு?"

"கீப்பர் திரும்பிக் கால நீட்டித் தடுத்துட்டான்" என்றேன்.

பவுல்ராஜ் அண்ணாச்சி அதற்குள் கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமி, "ஆமாமா. கீப்பர் கெட்டிக்காரப் பய" என்றார்.

இவர் முழங்கையிலிருந்த பிடியைத் தளர்த்தினார். பிறகு, "நல்ல கீப்பர்தான்" என்றார்.

தகப்பன் இல்லாத பையனை நாலு பேர் திட்டுவது இவர் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபரேஷன் ஆகிவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி

கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள். அது விழித்திரையைப் பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் இவர் ராத்திரி பகலாகக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலையைக் குனிந்தபடிதான். மதுரையிலிருந்து காரில் அப்படியே மடியில் முகம் புதைத்து வந்தார். தெருவில் யாரோ, "சர்வேயர் சாருக்கு என்ன, மயக்கமா?" என்று கேட்டார்கள்.

சாத்தூரிலிருந்து இவர் தங்கை தங்கமாரி வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து அழுகிறாள், அழுதுகொண்டே வீட்டைப் பெருக்குகிறாள். கட்டிலுக்கு அடியிலும் பெருக்கினாள். "யம்மா தாயி, என் மூஞ்சிக்கு நேரே தூசி கெளப்பாத" என்றார் இவர். அதற்கும் அழுதாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் போவதாக இல்லை. மதியம் இவர்தான் தலையணைக்குள்ளிருந்து பேசினார். "மணி மூணாச்சு. நீ கெளம்பலையா?"

"உங்கள விட்டுட்டா?"

"நீ போகலன்னா எனக்கு யார் சொல்லுவா?"

தனியாகப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் இவர் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். பவுல்ராஜ் அண்ணாச்சி துண்டைப் போட்டு வைத்திருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு, "போனப் போடுங்க டீச்சர்" என்றார். தங்கமாரி போனை இவர் காதருகே தலையணையில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

இதுவரை இவர் பக்கத்தில் இருந்தார். கை என் முழங்கையில் இருந்தது, நான் எப்போது பதறுகிறேன் என்று என் தோலிலேயே தெரிந்துகொள்வார். இன்று என் குரல் மட்டும்தான் இவருக்கு. ஒரு பந்தையும் விடாமல் சொன்னேன். 'அங்க' ஒரு தடவைகூட வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் பாதியில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர். "தெக்கு கோல். கோட்டுலேருந்து உள்ள தள்ளுறான். நிறுத்திட்டான்..." டம்.

"பலகை!" என்று போனில் கத்தினார். "பலகைச் சத்தம் கேட்டுச்சு! யாரு போட்டா?"

அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை கூச்சலுக்கு நடுவே, ஒரு போனில்.

பிறகு அவர்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. இந்த வருடத்தின் முதல் புள்ளி. அண்ணாச்சி உலகக் கோப்பையைத் தூக்கியவர் மாதிரி எல்லாருக்கும் டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமாரி அடுப்படிக்குள் இழுத்துச் சொன்னாள்: "அண்ணன் தலையணையே நனஞ்சு போச்சு மதினி. மருந்துத் தண்ணியா என்னன்னு தெரியல. நான் கேக்கல."

நானும் கேட்கவில்லை. உறையை மாற்றினேன்.

ஏப்ரல் 28, திங்கள்

முகாமில் ஒரே தாளை மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் வேறு வேறு மதிப்பெண்.

போனிலேயே பலகைச் சத்தம் கேட்கிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு

இதை எழுத வேண்டாம். தண்ணீர் வந்திருக்கிறது. பிடித்து வைக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

மைதானத்தில் ஏதோ கட்சிக் கூட்டம். ஆட்டம் இல்லை. இவர் இன்னும் குப்புறத்தான். முதுகு வலிக்கிறது என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். அடுத்த ஆட்டம் யாருடன், அவர்களுடைய பின்வரிசை எப்படி என்று கட்டில் விளிம்பைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 8, வியாழன்

மதுரை. இருட்டறை. கட்டை அவிழ்த்து, கண்ணைக் கழுவி, டாக்டர் சிறிய டார்ச்சை எடுத்தார்.

"நேராப் பாருங்க சார். வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"எந்தப் பக்கத்துலேருந்து வருது? கையால காட்டுங்க."

"அந்தா" என்று கையை நீட்டினார்.

திருமணமாகி இத்தனை வருடத்தில் இவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். மறுபடி வேறு பக்கம் பிடித்துக் கேட்டார். மறுபடி காட்டினார். டாக்டர் என்னைப் பார்த்தார். இவரிடம், "வீக்கம் வத்தட்டும் சார், பார்ப்போம்" என்றார். நடைவழியில் என்னிடம் சொன்னது வேறு. இரண்டே வரிதான் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பஸ்ஸில் இவர், "கொஞ்சம் பரவால்ல வல்லி. முன்னவிட வெளிச்சம் நல்லாத் தெரியுது" என்றார்.

"அப்படியா" என்றேன்.

மே 9, வெள்ளி

வத்தலை டப்பாவில் போட்டு வைத்தேன். தங்கமாரி ஊருக்குப் போனாள். தாலுகா ஆபீசிலிருந்து, சார் எப்போது வருவார் என்று கேட்டார்கள். சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மே 11, ஞாயிறு

கறுப்புக் கண்ணாடி போட்டு இவரைக் கூட்டிப்போனேன். படியில் எல்லாரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள். பவுல்ராஜ் அண்ணாச்சி, "வாரும் சர்வேயரே. நீரு இல்லாம ஒரு புள்ளி எடுத்துட்டோம். இனிமே வராதேயும்" என்றார். "எடுத்த புள்ளியப் பாதுகாக்கத்தான் வாரேன்" என்றார் இவர்.

இடைவேளை வரை ஒன்றுக்குப் பூஜ்யம், அவர்களுக்கு. அவித்த கடலை வாங்கி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வல்லி."

"ம்."

"அன்னைக்கு இசக்கி அடிச்சானே, நீ கீப்பர் கால நீட்டித் தடுத்துட்டான்னு சொன்னே. கால்ல பட்டா பேடு சத்தம் கேக்கும். உள்ள போனா பலகைச் சத்தம். ரெண்டும் கேக்கல."

கையிலிருந்த கடலையை உரித்து முடித்தேன்.

"வெளிய போச்சா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

"எவ்வளவு?"

"ரெண்டு முழம். காலிக் கோலுங்க."

தலையை ஆட்டினார். பக்கத்தில் அண்ணாச்சி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே யாரும் இல்லை.

"டாக்டரம்மா டார்ச் அடிச்சாங்கள்ல. மொதல்ல அது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"உங்க வலது பக்கம்."

"நான் எங்க காட்டுனேன்?"

மடியில் கிடந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டேன். இவர் காத்திருந்தார்.

"இடது பக்கம்."

"ரெண்டாவது தடவ?"

"மேல பிடிச்சாங்க. மறுபடியும் இடது பக்கந்தான் காட்டுனீங்க."

"சர்வேயர் வேலைக்கு லாயக்கில்ல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பிப்ரவரியில கொஞ்சம் தெரிஞ்சுது. சிவராத்திரி கழிச்சு மங்கிச்சு. மார்ச்சுக்கு அப்புறம் ஒன்னுமில்ல. நெழலும் இல்ல. நீ ராத்திரி ஸ்டூல இழுத்துப் போட்டு பல்பு மாத்துனியே, அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். மறுநாள் நீ ஒன்னும் கேக்கல. சரி, இவளுக்கு இது வேணும்போலன்னு நானும் சுவிட்சப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

பவுல்ராஜ் அண்ணாச்சி எழுந்தார். "டீ சொல்லிட்டு வாரேன்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டீக்காரன் எங்களுக்குப் பின்னால் மேல்படியில்தான் நின்றிருந்தான்.

"டாக்டர் ரெண்டு தடவையும் உங்கிட்ட என்ன சொன்னாங்களோ அத அப்படியே சொல்லு. திசை சொல்லுத மாதிரி சொல்லு."

சொன்னேன். ஏப்ரலில் சொன்னதை முதலில். வியாழக்கிழமை சொன்ன இரண்டு வரியைப் பிறகு: இனி இந்தக் கண்ணுக்கும் செய்ய ஒன்றுமில்லை, அவரை இருட்டுக்குப் பழக்குங்கள். கண்ணாடி போட்டுப் படிக்கலாம் என்பது நானாகச் சொன்னது என்பதையும் சொன்னேன்.

இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "கண்ணாடி வெசயத்துல மட்டும் நான் ஏமாந்துட்டேன் வல்லி" என்றார். "அத நம்பிட்டேன்."

விசில் ஊதினார்கள். எனக்கு மைதானம் தெரியவில்லை. எல்லாம் கலங்கிப் போய், வெள்ளைச் சட்டை எது, நீலச் சட்டை எது என்று புரியாமல் இருந்தது. இவர் கை என் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. "சொல்லு."

"இருங்க. எனக்குத் தெரியல."

"தொடச்சிக்கோ. அவசரமில்ல. எப்படியும் தோக்கத்தான் போறோம்."

முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடியச் சற்று முன்னால் பந்து மறுபடி இசக்கியிடம் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். "இசக்கி. நடுவுலேருந்து தெக்க. ஒருத்தனத் தாண்டிட்டான். இன்னொருத்தன். கீப்பர் வெளிய வந்துட்டான், விழுந்துட்டான். கோல் காலி. அடிக்கான்..."

சத்தம் எதுவும் வரவில்லை. இவர் கை என் தோலில் காத்திருந்தது.

"விட்டுட்டான்" என்றேன். "வெளிய. மேக்க, கம்பத்துலேருந்து ஒரு முழம். காலிக் கோல விட்டுட்டு, தலையில கைய வச்சிக்கிட்டு நிக்கான்."

கையில் டீயோடு வந்த அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். இன்று அவருக்குத் தடை எதுவும் இல்லை. "லே இசக்கி! அன்னைக்கு ரெண்டு முழம், இன்னைக்கு ஒரு முழம்! அடுத்த ஞாயித்துக்கெழம கம்பத்துலயாவது படுமாடே?"

இவர் சிரித்தார். படி முழுக்கச் சிரித்தது. ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்த அணியின் ஆட்கள் நாங்கள்.

"இப்பத் தெரியுது" என்றார் இவர். என் முழங்கையிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சரியாகத் தெற்குக் கோலை நோக்கித் திருப்பினார். "மேல சொல்லு. பால் யார்ட்ட இருக்கு?"